மணி அடிக்காத பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது. புது வைஃபை பெட்டி, அதற்கு ஒரு புது சிம், மின்னல் வேகமாம். பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன். நேற்று வீடியோவில் அது உன் கண்ணில் பட்டதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "பழைய சிம்மைத் தூக்கிப் போடும்மான்னு எத்தனை தடவ சொல்றது? அதுக்கு இன்னும் யாரு ரீசார்ஜ் பண்றா?" என்று கேட்டாய். நான்தான் செய்கிறேன் என்றேன். நீ நம்பவில்லை. "யாராச்சும் போன் பண்ணி ஓடிபி கேட்டாங்களா?" என்று பச்சைப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாய். நான் பேச்சை மாற்றி, பேத்திக்குப் பல் விழுந்த கதையைக் கேட்டுக்கொண்டு தப்பித்தேன். இது போனில் சொல்லும் விஷயம் இல்லை. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். எதைப் போனில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் அடிக்காதே.

போன வருடம் நீ கனடாவுக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது என்னைச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனாயே, நினைவிருக்கிறதா? பூக்கடைக்கும் பழச்சாறுக் கடைக்கும் நடுவில், ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும் என்கிற அளவில் ஒரு மொபைல் கடை. அங்கேதான் எனக்கு இந்தப் போனையும், உள்ளங்கை அகலத்தில் அந்த வெள்ளைப் பெட்டியையும் வாங்கினாய். கடைப் பெண் பிளான்களை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இருபத்தெட்டு நாள், ஐம்பத்தாறு நாள், எண்பத்துநாலு நாள், தினம் ஒன்றரை ஜிபி, தினம் இரண்டு ஜிபி. "மாசத்துக்கு இருபத்தெட்டு நாள்னு யாரும்மா முடிவு பண்ணது?" என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள். நீ என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாய். கடைசியில் எண்பத்துநாலு நாள் பிளானில் பேச்சு, மெசேஜ், இன்டர்நெட் எல்லாம் இருக்கும்படி ஒரு சிம் வாங்கி அந்தப் பெட்டிக்குள் போட்டாய். "புது நம்பருங்க ஆன்ட்டி, ஞாபகம் வெச்சுக்க ஈஸியா இருக்கும்" என்றாள் அவள். புது நம்பர் என்று அவளும் நம்பினாள், நீயும் நம்பினாய், நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இணைத்தாய். பெட்டியில் ஐந்து விளக்குகள். ஒவ்வொன்றும் எதற்கு என்று காட்டினாய். கடைசி விளக்கு தபால் உறை வடிவத்தில் இருந்தது. அந்த நம்பருக்கு மெசேஜ் வந்தால் அது மினுக்கும், கம்பெனி விளம்பரம்தான் வரும், கண்டுகொள்ளாதே என்றாய். "இந்தப் பெட்டில பேச முடியாதும்மா. இதுக்கு ரிங்கே கிடையாது" என்றாய். ரீசார்ஜ் செய்வது எப்படி, சிம்மைக் கழற்றிப் போனில் போடுவது எப்படி என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாய். எனக்கு ஒரே கடுப்பு. எனக்கே டெலிபோன் பாடமா என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டேன், நீ உன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். "எங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் இந்தப் பெட்டிய ஸ்க்ரூ கழட்டிப் பார்த்திருப்பாரு. எனக்கு அம்மை போட்டிருந்தப்ப வடக்கேர்ந்து நாலு தடவ போன் பண்ணாரு. மூணு தடவ என்கூட நல்லா பேசினாரு. நாலாவது தடவ என்கிட்ட பேசவே இல்ல, அம்மாகிட்ட குடுன்னாரு. அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரத்துல தவறிட்டாரு." எத்தனையோ முறை நீ சொல்லி நான் கேட்ட கதைதான். அன்றைக்கும் நான் ரசத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் ரோட்டில் இத்தனை சத்தம் இருந்தும் இந்த ஃப்ளாட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ஓடுவது மட்டும்தான் கேட்கும். பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். உறை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மினுக்கும் விளக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே பழகிய கண். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் படித்து, போனில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டைப் போட்டு, மெசேஜ் என்ற இடத்தைக் கண்டுபிடித்தேன். உனக்கு ஒரு நாள் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்றுகூட நினைத்தேன். நீ சொன்ன விளம்பரங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, நாளுக்கு ஒன்றாக, மாலை ஐந்தே முக்காலையொட்டி, ஒரே நம்பரிலிருந்து ஒரே மெசேஜ்.

"அம்மா வந்துட்டேன்."

அவ்வளவுதான். தினமும் அதுவே. நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். சிரிக்காதே. நீ ஸ்கூலிலிருந்தும், காலேஜிலிருந்தும், பிறகு வேலையிலிருந்தும் செருப்பை உதறிக்கொண்டே கத்தும் அதே வார்த்தைகள். நீதான் ஏதோ இங்கே விட்டுப்போன நம்பரிலிருந்து விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன், உனக்கு அப்போது விடிகாலை, தூங்கிக்கொண்டிருப்பாய். அடுத்த நாள் ஐந்தரைக்கே பெட்டிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நாற்பத்திரண்டுக்கு உறை விளக்கு மினுக்கியது. வெளியே நல்ல வெயில். கீழே தள்ளுவண்டிக்காரர் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் என் கை ரோமம் சிலிர்த்து நின்றது. யாரோ உள்ளே வந்துவிட்டது போலவும் நான்தான் கவனிக்காமல் இருப்பது போலவும் ஓர் உணர்வு. எழுந்து இரண்டு அறைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு மெசேஜ்கள் கொஞ்சம் நீண்டன. "அம்மா வந்துட்டேன். பஸ்ல கூட்டம்." "அம்மா வந்துட்டேன். லேப்ல இன்னைக்கு சம்பளம் போட்டாங்க, உனக்கு ஒரு புடவை பார்த்தேன், எடுக்கல." எடுக்கல என்ற வார்த்தை எனக்கு உறுத்தியது. ஏன் எடுக்கவில்லை? ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம்தானே என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் சூப்பர்வைசர் அம்மா வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "கனெக்‌ஷன் குடுத்தாச்சுன்னா அதுக்கப்புறம் நாம அங்க இல்ல. சாவுச் செய்தி காதுல விழுந்தாலும் நாம அங்க இல்ல." முப்பது வருடம் அப்படி இல்லாமல் இருந்து பழகியவள், அந்தப் பெட்டி முன்னாலும் இல்லாமல் இருந்தேன். தினமும் படித்தேன், பேசாமல் இருந்தேன். தப்புதான். அடுத்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைப்பது என்ன நியாயம்?

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், இது வந்தது: "அம்மா, டெலிவர்டுன்னு காட்டுது. நீ போனதுலேர்ந்து ஏழு மாசம் காட்டவே இல்ல. ஜூன்லேர்ந்து காட்டுது. இன்னைக்குதான் பார்த்தேன். அம்மா நீ படிக்கிறியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை நாளாக அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்! யாரோ இறந்து போனவர் அதற்குள் இருக்கிறார் என்று பூச்சாண்டி காட்டிக்கொண்டிருந்தது என் மனசு. அந்தப் பக்கம் இருந்தவள் உயிரோடுதான் இருந்தாள். இறந்தவளின் இடத்தில் உட்கார்ந்திருந்தது நான். அவளுடைய அம்மாவின் நம்பர் சும்மா கிடந்து காலாவதியாகி, கம்பெனி அதை மறுபடி கடைக்கு அனுப்பி, நீ வாங்கி, நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் செருகி வைத்திருந்தேன். வெறும் இருட்டுக்குள் எறிந்துகொண்டிருந்த வார்த்தைகள் ஜூன் மாதத்திலிருந்து யாரோ ஒருவரைப் போய்ச் சேர்கின்றன என்று ஒரு போன் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. அவளுக்கு நான்தான் ஆவி.

அன்று முழுக்க யோசித்தேன். உண்மையை எழுதுவதா, சும்மா இருப்பதா என்று முடிவு செய்வதற்குள் மறுநாள் ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. "அம்மா வந்துட்டேன்" என்று வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் அடித்தது. "கை கால் கழுவிட்டு வந்து சாப்பிடு." அனுப்பியும் விட்டேன். இருபத்தைந்து வருடம் நீ வாசலில் நின்று அந்த இரண்டு வார்த்தை கத்தும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து நான் கத்திய பதில். அது வாயில் இருந்ததா விரலில் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. போன் நழுவிக் கீழே விழுந்தது. அந்த மூலையில் இருக்கிற கீறல் அதுதான். நீ கேட்டபோது மேஜையில் இடித்துக்கொண்டது என்று பொய் சொன்னேன்.

மூன்று நாள் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு விளக்கு மினுக்கவில்லை. மெசேஜ் வந்தபோது பயந்தவள், வராதபோது அதைவிட அதிகமாகப் பயந்தேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்குப் பெட்டியில் இன்டர்நெட் விளக்கு சிவப்பாக இருந்தது. எண்பத்துநாலு நாள் முடிந்து பிளான் காலாவதியாகியிருந்தது. நீ ரீசார்ஜ் செய்ய மறந்திருந்தாய். சிவப்பு விளக்குக்குப் பக்கத்திலேயே உறை விளக்கு மினுக்கியது. பிளான் செத்தாலும் வரும் மெசேஜ் வரத்தான் செய்கிறது. திறந்தேன்.

"அம்மா, எல்லாம் துடைச்சு வெச்சுட்டேன். ரூம் சாவிய பக்கத்து அக்காகிட்ட குடுத்துட்டேன். நீ இருக்கேன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு இங்க என்ன இருக்கு. கூப்பிடு, வந்துடறேன்."

என் நம்பரிலிருந்து உடனே அவளுக்கு அடித்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. தெரியாத நம்பரை அந்த நேரத்தில் யார் எடுப்பார்கள்? அவள் எடுக்கக்கூடிய நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது மணியும் அடிக்காத, பேசவும் முடியாத பெட்டிக்குள் இருந்தது, அதற்கு உயிரும் இல்லை. உனக்கு அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும். உன்னைக் கூப்பிட்டு எழுப்பவும் நேரமில்லை. ஃப்ரிட்ஜில் நீ ஒட்டிய தாளைப் படித்தேன். அதுவரை ஒரு முறைகூட அதைப் படித்ததில்லை, கோபம். "ஒன்று, பச்சை ஆப்பைத் திற" என்று ஆரம்பித்திருந்தாய். என் சிம்மில் இருந்த சொச்ச இன்டர்நெட்டில் அதைத் திறந்து, அந்த நம்பரைப் போட்டு, பிளானைத் தேர்ந்தெடுத்து, ரகசிய எண்ணைத் தவறாகப் போட்டு, மறுபடி தவறாகப் போட்டு, மூன்றாவது முறை சரியாகப் போட்டேன். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிப் போனின் ஓட்டையில் குத்தி, பெட்டியில் இருந்த சிம்மைப் போனுக்கு மாற்றினேன். உன் எழுத்தில் கடைசி வரி, "பயப்படாதம்மா, தப்பா போட்டா ஒண்ணும் ஆகாது" என்று இருந்தது. அதைப் பார்த்து அந்த நிலையிலும் எனக்கு அழுகை வந்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள். "அம்மா" என்றாள். அந்தக் குரலை நான் எழுதிக் காட்ட முடியாது. பின்னால் காற்று. அதற்குப் பின்னால் பஸ்கள் போகும் சத்தம், ஒவ்வொன்றும் போகும்போது தடக் தடக் என்று இரண்டு அடி. முப்பது வருடம் எக்ஸ்சேஞ்சுக்குப் போக வர அந்த இரண்டு அடியை நான் பஸ்ஸுக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன். காவிரிப் பாலத்தின் இணைப்புகள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். என் தொண்டையிலிருந்து வந்தது என் வீட்டுக் குரல் இல்லை. போர்டில் உட்கார்ந்திருந்தவளின் குரல். "லைன்ல இருங்க. வெச்சிடாதீங்க. லைன்லயே இருங்க."

செருப்பு போட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று தெரியாது. கீழே நின்ற ஆட்டோவில் ஏறி, கையால் பாலத்தைக் காட்டினேன். "அம்மா, நீதானே?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொல்கிறபடி கேட்பாள், பாலத்தை விட்டு இறங்கி வருவாள். அது எனக்குத் தெரிந்தது. அதே வார்த்தைதான் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் தெரிந்தது. இறந்தவர் வாயால் பேசினால் என்ன ஆகும் என்று முன்பே ஒரு முறை பார்த்து எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். "நான் உங்க அம்மா இல்லம்மா. இந்த நம்பர் இப்ப எங்கிட்ட இருக்கு. நான் ஸ்ரீரங்கத்துல இருக்கிற ஒரு வயசானவ. அன்னைக்கு மெசேஜ் போட்டது நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

ஒரு பஸ், தடக் தடக். பிறகு, "எங்கம்மா அப்படியேதான் சொல்லுவாங்க. கை கால் கழுவிட்டு வந்து சாப்பிடுன்னு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"எல்லா அம்மாவும் அப்படித்தாம்மா சொல்லுவோம். என் பையனுக்கு நானும் அதேதான் சொல்லுவேன். லைன்ல இருங்க. இந்தா வந்துட்டேன்."

வந்துட்டேன் என்று நான் சொன்னதும் அவள் விக்கி அழ ஆரம்பித்தாள். அழுதால் பரவாயில்லை என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் ஓரமாக நிறுத்தினார். பாலத்தின் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் பச்சைப் பையோடு ஒரு பெண். இருபத்துநாலு வயதுதான் இருக்கும். போன் அவள் காதில், போன் என் காதில். இரண்டு முழம் தூரத்தில் நின்றுகொண்டும் இருவரும் போனிலேயே பேசினோம். நான் கையைப் பிடித்த பிறகுதான் அவள் வைத்தாள்.

பெயர் தேன்மொழி. உப்பிலியபுரம் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே இல்லை. அம்மாவும் பெண்ணுமாக இருந்திருக்கிறார்கள். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, தனி அறை. அன்று அவளைக் கூட்டி வந்து, கை கால் கழுவச் சொல்லி, ரசம் சாதம் போட்டேன். சாயங்காலம் அவளுடைய பெரியம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். இப்போது டாக்டரிடம் காட்டுகிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறாள், பெரியம்மா அவளுடனேயே தங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவாள். உன் பெட்டியை எனக்கு இன்னும் நன்றாக ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். தினமும் ஐந்தே முக்காலுக்கு அதே பழைய நம்பரில் எனக்கு மெசேஜ் வருகிறது. "ஆன்ட்டி வந்துட்டேன்." நான் என் பதிலை அனுப்புகிறேன். அந்த நம்பர் ஒரு நாள் இல்லாமல் போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அதனால்தான் அதற்கு உயிர் போக விடாமல் வைத்திருக்கிறேன். உன் புதுப் பெட்டியைப் பிரிக்கிறேன், புது சிம்மையும் போடுகிறேன், கோபப்படாதே. பழையது என் போனில் இரண்டாவது சிம்மாக இருக்கும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதை உன் போனில் போட்டுக்கொண்டு சாயங்காலத்தில் ஒரு பதில் அனுப்பு. அவளிடம் யார் என்று மட்டும் உண்மையைச் சொல்லிவிடு.

இதோடு முடித்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேன்மொழி கேட்டாள். "அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே ஆன்ட்டி. ஏன் சொல்லல?" எனக்குப் பதில் இருந்தது. அதை முதலில் கேட்க வேண்டியவன் நீ என்பதால் அவளிடம் சொல்லவில்லை. மோர் ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

உனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டி, யாரையும் உள்ளே விடாமல் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டு, வடக்கிலிருந்து வந்த செய்தியைச் சொன்னார். ரயில்வே வேலையாகப் போன இடத்தில் உன் அப்பா வெயிலில் மயங்கி விழுந்து போய்விட்டார். அம்மை போட்ட வீட்டில் அழக்கூடாது, சாவைப் பேசக்கூடாது. குழந்தையை விட்டு நான் போகவும் முடியாது. உன் பெரியப்பா போய் அங்கேயே காரியத்தை முடித்தார். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணி ஊற்றும் வரை, நீ பார்ப்பாய் என்று நான் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு உனக்கு வேப்பிலையால் தடவிக் கொடுத்தேன். நீ காய்ச்சலில், அப்பா போன் பண்ணலையா, அப்பா போன் பண்ணலையா என்று அரற்றினாய். என்னால் தாங்க முடியவில்லை. விழுப்புரம் எக்ஸ்சேஞ்சில் தாமோதரன் சார் என்று ஓர் ஆபரேட்டர்; முகம் பார்த்ததில்லை, வருடக்கணக்காகக் குரல் பழக்கம். அவரிடம் கெஞ்சினேன். லைனைக் கொஞ்சம் இரைச்சலாக வைத்துக்கொண்டு அவர் பேசினார். "மருந்து சாப்பிடு, அம்மா சொல்றத கேளு, அப்பா சீக்கிரம் வந்துடறேன்." அந்த வார்த்தைகளை எழுதிக் கொடுத்தது நான். நீ தேறிய பிறகு, அப்பா இப்போதுதான் தவறிவிட்டார் என்று தேதியையும் மாற்றிச் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். "வந்துடறேன்னு சொன்னாரே" என்று நீ ஒரு வருடம் சாயங்காலம் தோறும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதைப் பார்த்துக்கொண்டே நான் காபி போட்டேன். உன் அப்பாவோடு நீ கடைசியாகப் பேசியது என்று நாற்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருப்பது ஒரு விழுப்புரத்துக்காரரின் குரல். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

ஆனால் ஒன்று இருக்கிறது. தாமோதரன் சார் பேசியது மூன்று தடவை. மூன்றே தடவை. மூன்றாம் தண்ணி ஊற்றி, உனக்குக் காய்ச்சல் முழுக்க இறங்கி, மணப்பாறையிலிருந்து வந்திருந்த உன் சித்தியிடம் உன்னை விட்டுவிட்டு நான் முதல் நாள் டியூட்டிக்குப் போனேன். அன்று காலை வீட்டுப் போன் அடித்ததாகச் சித்தியும் சொன்னாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். இறங்கி வருவதற்குள் நீ எடுத்துவிட்டாயாம். நான் தாமோதரன் சாரைக் கேட்டேன். "உங்க வீட்டுக்கு நான் எதுக்கும்மா பண்ணப் போறேன்? காலைலேர்ந்து போர்டுல என்கூடத்தானே பேசிட்டிருந்தீங்க?" என்றார். அப்போது வடக்கிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் லைன் எதுவும் எங்கள் போர்டைத் தொடாமல் வராது. அன்று அந்த போர்டில் உட்கார்ந்திருந்தவள் நான். என் வீட்டுக்கு ஒரு லைனும் நான் கொடுக்கவில்லை.

நாற்பது வருடமாக நீ இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேட்டால் மற்ற மூன்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்காமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்லியாகிவிட்டது. நீ கோபமாகப் போன் செய்வாய், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் இதை மட்டும் சொல். அம்மாகிட்ட குடு என்று அவர் கேட்டார், அம்மா டியூட்டிக்குப் போயிருக்காங்க என்று நீ சொன்னாய். அதற்கு அவர் என்ன சொன்னார்?

அம்மா